கண்ணிமையிலும் கோயில் கொடையிலும் ஒரே துடி

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது ஐந்து கடிதங்கள் தாமாகவே ஒரு பக்கம் சேர்ந்துகொண்டன. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஊர் வேறு, தொழில் வேறு. ஆனால் ஐவரும் கேட்பது ஒன்றைத்தான். உடம்போ பொருளோ திடீரென்று வெட்டி அசைகிறதே, அதற்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன? மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: நாலு நாளாக என் இடது கண் இமை துடித்துக்கொண்டே இருக்கிறது. "பொம்பளைக்கு இடது துடிச்சா நல்லதுதான், யாரோ வரப்போறாங்க" என்று என் மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் என் மகளின் தமிழ்ப் பாடத்தில் 'துடி என்பது பாலை நிலத்துப் பறை' என்று வந்திருக்கிறது. கண் துடிப்பதும் பறைத் துடியும் ஒரே சொல்லா, வேறு வேறா?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: முதலில் கண்ணைப் பார்ப்போம் அம்மா, சொல் எங்கும் போகாது. இமை இப்படித் துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவாலும், மன அழுத்தத்தாலும், காப்பி டீ அதிகமாவதாலும், கண்ணுக்கு ஓயாத வேலை கொடுப்பதாலும் வருவது. சில நாளில் தானே அடங்கிவிடும். சில வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றாலோ, கண் முழுவதும் இறுக மூடிக்கொண்டாலோ, அதே பக்கத்துக் கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பரீட்சைத் தாள் திருத்தும் மாதங்களில் எனக்கும் இப்படி வரும். தாள் கட்டு தீர்ந்த இரண்டாம் நாள் காணாமல் போய்விடும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே சொல். அசைவுதான் தாய், பறை பிள்ளை.

தமிழில் ஒரு வினையின் பகுதியே மாறாமல் நின்று பெயராகும். முதனிலைத் தொழிற்பெயர் என்று உங்கள் மகளுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அடிப்பது அடி, கொட்டுவது கொட்டு. அந்தத் தொழிலின் பெயரே பிறகு அந்தத் தொழிலுக்கு உரிய பொருளின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொட்டு என்றால் கொட்டும் செயல், கொட்டப்படும் மேளமும் கொட்டுதான். பறைதல் என்றால் சொல்லுதல், பறையும் அதே சொல். அந்த வரிசையில்தான் துடியையும் வைக்கிறேன். துடிப்பது துடி.

இதை நான் இலக்கணப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை, உடுக்கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்தும் சொல்கிறேன். துடி, உடுக்கை இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு முகம், நடுவே ஒடுங்கிய இடை. இரு முகத்துத் தோலையும் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கயிறுகள் இடையைச் சுற்றிப் போகும். வாசிப்பவர் ஒரு கையால் இடையைப் பிடித்துக்கொண்டு மறுகை விரலால் முகத்தில் தட்டுவார். தட்டிய அதே நொடியில் பிடித்த கை கயிற்றை நெருக்கும். தோல் விறைக்கும். ஒலி ஒரே தட்டுக்குள் கீழிருந்து மேலே எகிறித் திரும்பி வரும். மத்தளத்திலும் தவிலிலும் அடி விழுந்தால் விழுந்ததுதான், ஒலி அங்கேயே நிற்கும். உடுக்கையில் மட்டும் விழுந்த அடி உயிரோடு நெளியும். அந்த ஒலிக்குத் துடித்தல் என்பதைத் தவிர வேறு வினை எனக்குத் தோன்றவில்லை.

பழைய நூல்களில் இந்தப் பறை வேட்டுவரோடும் மறவரோடும் நிற்கிறது. புறநானூற்று 335ஆம் பாட்டில் "துடியன் பாணன் பறையன் கடம்பன்" என்று குடிகளை எண்ணும்போது முதலில் நிற்பவன் துடியன்தான். புறப்பொருள் வெண்பாமாலையில் ஆநிரை கவரும் வெட்சிப் படலத்துக்குள் 'துடிநிலை' என்று ஒரு துறையே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று துடி. கடல் நடுவே, அலையையே மேடையாக்கி, சூரனை வென்ற முருகன் ஆடியது அது. நம் எல்லையைத் தாண்டினாலும் சொல் மாறவில்லை. குடகில் கொடவர்கள் பாட்டோடு கொட்டுவது 'துடி'. வயநாட்டுப் பணியர்களின் பறையும் 'துடி'. மலையாளத்தில் நெஞ்சத் துடிப்பு 'ஹ்ருதயத் துடிப்பு', கன்னடத்தில் 'துடித' என்றால் உள்ளத் துடிப்பு, ஏக்கம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கேரளத்துத் 'துடிச்சுகுளி'. மார்கழித் திருவாதிரைக்குப் பெண்கள் விடியுமுன்னே குளத்தில் இறங்கிப் பாடியபடி தண்ணீரைக் கையால் அறைவார்கள். தண்ணீரே பறையாகிவிடும். துடிப்பும் பறையும் ஒரே சொல்தானா என்று கேட்டீர்களே, அந்தக் குளக்கரையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

சரி, உங்கள் மாமியார் சொன்ன இடக்கண் எவ்வளவு பழையது? குறைந்தது சிலப்பதிகாரம் அளவுக்குப் பழையது. இந்திர விழவூர் எடுத்த காதை முடியும் இடத்தைப் பாருங்கள்.

"கண்ணகி கருங்கணும் மாதவி செங்கணும்
உண்ணிறை கரந்தகத் தொளித்துநீர் உகுத்தன
எண்ணுமுறை இடத்தினும் வலத்தினும் துடித்தன
விண்ணவர் கோமான் விழவுநாள் அகத்தென்."

ஊர் முழுக்கத் திருவிழா. இரண்டு பெண்களின் கண்ணிலும் நீர். வரிசைப்படி எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார் இளங்கோ. கண்ணகிக்கு இடது துடித்தது, மாதவிக்கு வலது துடித்தது. கணவன் திரும்புவான் என்பது ஒருத்திக்கு, பிரிவான் என்பது மற்றவளுக்கு. அப்படியே நடந்தது. கானல்வரி முடிந்ததும் கோவலன் மாதவியை விட்டுக் கண்ணகியிடம் வந்தான். வந்தவன் அவளை மதுரைக்கு அழைத்துப் போனான். அங்கே நடந்தது உங்களுக்கே தெரியும். இடக்கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது முதல் பாதியை மட்டும்தான். வகுப்பில் இந்த நாலு வரியை நடத்தும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன்.

கம்பனிடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுந்தர காண்டம், காட்சிப் படலம். அசோகவனத்தில் சீதை திரிசடையிடம் கேட்கிறாள்.

"நலம்துடிக் கின்றதோ நான்செய் தீவினைச்
சலம்துடித்து இன்னமும் தருவது உண்மையோ
பொலந்துடி மருங்குலாய் புருவம் கண்முதல்
வலம்துடிக் கின்றில வருவது ஓர்கிலேன்."

வாய்விட்டுப் படியுங்கள், மகளையும் படிக்கச் சொல்லுங்கள். நாலு அடி, ஒவ்வோர் அடியிலும் முதல் அசை முடிந்த உடனே அதே இடத்தில் துடி, துடி, துடி, துடி. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே படித்தால் தாளம் தப்பாமல் விழும். அதோடு மூன்றாம் அடியைக் கவனியுங்கள். "பொலந்துடி மருங்குலாய்" என்றால் பொன்னாலான துடி போன்ற இடையை உடையவளே. மற்ற மூன்று அடியிலும் துடி என்பது உடம்பின் அசைவு, இந்த அடியில் மட்டும் பறை. உங்கள் மகளின் பாடத்துத் துடியையும் உங்கள் கண்ணிமைத் துடியையும் ஒரே பாட்டில் கம்பன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான்.

அடுத்த பாட்டுகளில் சீதை கணக்குப் பார்க்கிறாள். முனிவரோடு இராமன் மிதிலைக்கு வந்த நாளில் புருவமும் தோளும் கண்ணும் இனிமையாகத் துடித்தன, இப்போதும் அப்படியே துடிக்கின்றன என்கிறாள். பிறகு "மறந்தனென்" என்று தொடங்கி இன்னொன்று சொல்கிறாள். அவன் நாட்டைத் தம்பிக்கு விட்டுக் காட்டுக்குப் புறப்பட்ட நாளில் வலம் துடித்தது. இராவணன் வஞ்சனையோடு வந்த நாளிலும் வலம் துடித்தது. இன்று இடம் துடிக்கிறது. சிறையில் தனியே இருப்பவளுக்கு நாட்காட்டி இல்லை, கடிதம் இல்லை. தன் உடம்பு எந்த நாளில் எந்தப் பக்கம் துடித்தது என்பதுதான் அவள் கையில் இருக்கும் ஒரே ஏடு. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அனுமன் அதே சோலைக்குள் வந்துவிட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இமைத் தசைக்கு நாளை வருபவரைத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் மாமியார் வாசலைப் பார்ப்பதைத் தடுக்கவும் மாட்டேன். ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து ஒரு வரவுக்குக் காத்திருக்கிறீர்கள், அது நல்ல காத்திருப்பு. காப்பியை மட்டும் இரண்டு வேளையோடு நிறுத்துங்கள்.

*

கேள்வி: இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். "கிளட்ச் விட்டா வண்டி ஜெர்க் அடிக்குது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஜெர்க்குக்குத் தமிழ் என்ன? அந்தச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள்?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: தம்பி, பட்டறைக்கு வருகிறவர்கள் ஜெர்க் என்று மட்டுமா சொல்கிறார்கள்? காதைக் கொடுத்துக் கேளுங்கள். "வெட்டி வெட்டி இழுக்குது", "குலுங்கிட்டு நிக்குது", "ஏத்தத்துல திணறுது" என்றும் சொல்வார்கள். ஜெர்க் என்று ஒரே சொல்லில் அடங்குவதைத் தமிழ் பல சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்னே பிடித்து இழுத்து விட்டால் வெட்டுதல். இருந்த இடத்திலேயே ஆடினால் குலுங்குதல். போக நினைத்தும் போக முடியாவிட்டால் திணறுதல். உங்களுக்கு இது வெறும் சொல்லழகு இல்லை. வெட்டுகிறதா, திணறுகிறதா என்று கேட்டாலே எந்தப் பக்கம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடுமே.

கை கொடுக்கும் ஜெர்க்குக்குச் சுண்டுதல் என்று இன்னோர் அருமையான சொல் இருக்கிறது. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றைச் சுண்டினால் மாடு திரும்பும். தூண்டிலைச் சுண்டினால் முள் மீனின் வாயில் ஏறும். காசு சுண்டுகிறோம், கோலி சுண்டுகிறோம், கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோம். நகத்தளவு இடத்தில் தொடங்கிச் சட்டென்று முடிந்துவிடும் அசைவு அது. பாலைச் சுண்டக் காய்ச்சுவதும் முகம் சுண்டிப்போவதும் வற்றுதல் என்ற வேறு பொருளில் நடக்கும் சுண்டுதல். கடலைச் சுண்டல் அந்தப் பக்கத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் கீரையைத் தேங்காய்ப்பூவோடு வதக்கி இறக்கினாலும் அதற்குப் பெயர் சுண்டல்தான்.

ஆங்கிலத்து ஜெர்க் 16ஆம் நூற்றாண்டில் சாட்டையின் ஒரு வீச்சைக் குறித்தது. சாட்டை நுனி வெடுக்கென்று திரும்பும் அசைவிலிருந்துதான் மற்றப் பொருள்கள் எல்லாம் கிளைத்தன. கடைகளில் 'ஜெர்க்கி' என்று விற்கும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக்கும் இதற்கும் உறவில்லை. அது தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிச் சொல், ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து உரு மாறியது. பளு தூக்குதலில் கழுத்தெலும்பில் ஏந்திய கம்பியை ஒரே உந்தலில் தலைக்கு மேலே கொண்டுபோகும் கட்டத்துக்கும் ஜெர்க் என்றே பெயர். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 179 கிலோவை அப்படித்தான் தலைக்கு மேல் நிறுத்தித் தங்கம் வென்றார். இயற்பியலிலும் ஜெர்க்குக்கு அளவு உண்டு. வேகம் மாறும் வீதம் முடுக்கம், அந்த முடுக்கமே மாறும் வீதம் ஜெர்க். பேருந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து நிறுத்தத்தில் நின்ற நொடியில் நம்மைப் பின்னால் சாய்க்கிறாரே, அங்கே நம் உடம்பு அளப்பது அதைத்தான். நல்ல ஓட்டுநர் நிற்கப்போகும் கடைசி நொடியில் பிரேக்கைச் சற்றே தளர்த்துவார். நின்றதே தெரியாது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா தம்பி? எத்தனை கோளாறு வந்தாலும் வண்டி துடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மீன் துடிக்கும், உதடு துடிக்கும், கோபத்தில் மீசை துடிக்கும், அறுந்து விழுந்த பல்லி வால் சில நிமிடம் துடிக்கும். தனக்குள் உயிர் இருந்து, அது தானே அசைந்தால்தான் தமிழ் துடிப்பு என்கிறது. பட்டறைச் சாமானுக்கு அந்தச் சொல்லை நாம் கொடுத்ததே இல்லை.

*

கேள்வி: எங்கள் பக்கத்தில் வலித்தல் என்றால் துடுப்புப் போடுவது. "தோணி வலிச்சுக்கொண்டு போனான்" என்போம். அதே சொல் எப்படி வலிப்பு நோய்க்கும் நோவுக்கும் வந்தது?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: ஐயா, பழைய பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் நீங்கள்தான். வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பால் தண்ணீரை இழுப்பதும் வலித்தல்தான். எங்கள் நாஞ்சில் நாட்டில் பீடியை 'வலிப்பார்கள்', புகையை உள்ளே இழுப்பதால். இழுக்க வல்லமை வேண்டும், அதனால் வலி என்றால் வலிமை. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்" என்று வள்ளுவர் 471ஆம் குறளில் அடுக்குவது வலிமையை. நரம்பையும் தசையையும் யாரோ பிடித்து இழுப்பது போன்ற நோய்க்கு வலிப்பு என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. இழுப்பு என்றும் சொல்கிறோம், அதுவும் அதே பொருள்தான். இழுக்கும் நோவுக்கு மட்டும் இருந்த சொல் பிறகு தமிழ்நாட்டில் எல்லா நோவையும் பிடித்துக்கொண்டது. இங்கே தலைக்கும் வலி, பல்லுக்கும் வலி, வயிற்றுக்கும் வலி. உங்களுக்குத் தலையிடி, வயிற்றுக்குத்து. இடிக்கிற நோவு வேறு, குத்துகிற நோவு வேறு என்று உங்கள் பேச்சு இன்றும் பிரித்துச் சொல்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

வலிப்பைப் பற்றி எழுதும்போது சொல்லோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது சுற்றி நின்றவர்கள் செய்த முதல் வேலை சாவிக்கொத்தைத் தேடியது. கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானே அடங்குகிறது, நாம் இரும்புக்குப் புகழ் கொடுக்கிறோம். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கூரான பொருளை அகற்றி, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று அடங்கி நினைவு திரும்பும் முன்னே அடுத்தது வந்தாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ உடனே மருத்துவமனை. தெளிந்து எழும் பிள்ளையிடம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீ வகுப்பில்தான் இருக்கிறாய் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கண் விழித்ததும் தேடியது நாற்பது முகத்துக்கு நடுவே தெரிந்த ஒரு முகத்தைத்தான்.

*

கேள்வி: பயந்துபோனால் "தூக்கிவாரிப் போட்டது" என்கிறோமே, யார் தூக்கினார்கள், யார் வாரினார்கள்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நல்ல கேள்வி. விடை தொட்டிலில் கிடக்கிறது.

பிறந்து சில வாரமான பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் ஒரு பாத்திரம் விழட்டும். இரண்டு கையும் விரிந்து மேலே போகும். உடனே எதையோ கட்டிக்கொள்வதுபோல் நெஞ்சுக்கு நேரே வாரிக்கொண்டு வரும். பிறகு தொப்பென்று விழும், அழுகை தொடங்கும். தூக்கி, வாரி, போட்டது. மூன்று வினையும் அதே வரிசையில் நடக்கும். 1918இல் இதை விவரித்து எழுதிய எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவரின் பெயரால்தான் மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். பிறந்த பிள்ளையின் நரம்பு மண்டலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்றும் இதைச் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். "பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடுது" என்று நம் பாட்டிமார் சொல்லி, நெஞ்சின் மேல் கையை மெல்ல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

யார் தூக்கினார்கள் என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. அந்த வாக்கியத்தில் எழுவாயே வெளியே தெரியாது. "எனக்குத் தூக்கிவாரிப் போட்டது" என்கிறோம், நான் தூக்கிவாரிப் போட்டேன் என்பதில்லை. பசி எனக்கு வருகிறது, தூக்கம் எனக்கு வருகிறது, அதுபோல இதுவும் எனக்கு நேர்கிறது. நாமே செய்தால் உதறினேன், சுண்டினேன், வெடுக்கென்று பிடுங்கினேன். நம்மைக் கேட்காமல் நடந்தால் கண் துடிக்கிறது, உடம்பு தூக்கிப் போடுகிறது. நம் விருப்பத்தில் நடந்ததா இல்லையா என்பதை ஒரு வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. திருச்சதகத்தின் முதல் பாட்டில் மாணிக்கவாசகர் "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று தொடங்குவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நடுங்குகிறேன் என்று அவர் தொடங்கவில்லை. மெய் அரும்புகிறது, மெய் விதிர்விதிர்க்கிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

*

கேள்வி: எங்கள் குலதெய்வத்தைத் 'துடியான சாமி' என்கிறார்கள். கோபக்கார சாமி என்று பொருளா?
(வாசகர், சாத்தான்குளம்)

பதில்: கோபம் இல்லை தம்பி, விழிப்பு. கூப்பிட்டால் உடனே கேட்கிற சாமி, தப்புச் செய்தால் உடனே காட்டிக்கொடுக்கிற சாமி. துடியான பையன் என்று வகுப்பில் யாரைச் சொல்வோம்? கேள்வி முடியுமுன்னே எழுந்து நிற்பவனை. அதே துடி.

ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பறையும் கேட்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் சித்திரையில் கோயில் கொடை விழா நடக்கும். வில்லுப்பாட்டில் புலவர் வில்லைத் தட்டிக் கதை சொல்வார், குடம் அடிப்பவர் ஒரு பக்கம், உடுக்கை அடிப்பவர் ஒரு பக்கம். கதை ஓடும்வரை உடுக்கை பேசாமல் கூட வரும். சாமி பிறந்த இடம், கொலையுண்ட இடம், தெய்வமான இடம் என்று கதை நெருங்க நெருங்க அந்த மனிதரின் இடது கை கயிற்றை நெருக்கத் தொடங்கும். ஒலி நெளியும். எதிரே அதுவரை கை கட்டி நின்ற, சாமி வந்து ஆடும் கோமரத்தாடியின் தோளில் முதல் துடிப்பு தெரியும். அப்புறம் கழுத்தில். உடுக்கை அதைப் பார்த்துவிட்டு இன்னும் நெருங்கி அடிக்கும். எது எதைத் துடிக்க வைக்கிறது என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. என் பெரியம்மை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பாரு மக்களே, சாமி துடியாட்டு வருது" என்பாள். அவள் சொன்ன 'துடியாட்டு' வேகமாக வருகிறது என்பதா, துடியின் ஒலியாக வருகிறது என்பதா? இன்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

பல வருஷம் கழித்து அந்த ஒலியை நான் மறுபடி கேட்டது ஒரு ஸ்கேன் அறையில். மகளுக்கு ஐந்தாம் மாதம். கருவியை வயிற்றில் வைத்து அந்த அம்மா ஒலியைக் கூட்டினார். நிமிடத்துக்கு 148 என்று திரையில் எண் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு 110 முதல் 160 வரை இருக்கலாமாம். பெரியவர்களின் நெஞ்சு போல நின்று நிதானமாக அடிக்கவில்லை. ஒவ்வோர் அடியும் கீழிருந்து மேலே எகிறித் திரும்பியது, கயிற்றை நெருக்கிய உடுக்கை மாதிரியே. மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். "துடிப்பு நல்லா இருக்கு பாட்டி" என்றார் அந்த அம்மா.